அந்நியர் சான்றிதழ்

வேலுத்தாய் நாற்காலியில் ஏறி நின்று, சுவரில் மாட்டியிருந்த தன்னுடைய போட்டோக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு ஆணி வர மறுத்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். காரையோடு பெயர்ந்து வந்தது.

"சட்டுனு ஆவட்டும்ட்டி!" என்றார் வாசலில் நின்ற கிராம முன்சீப் அழகிரிசாமி. "ஜீப்பு எட்டயபுரத்தைத் தாண்டிட்டாம். போஸ்டாபீசுக்குப் போன் வந்திருக்கு."

"சித்தப்பா, அந்தப் பெட்டிக்கு மேல நான் பாவாடை சட்டையில நிக்கிற படம் ஒண்ணு இருக்கு. அதையும் எடுத்திருங்க."

முன்சீப் எடுத்தார். துண்டில் சுருட்டித் தானியக் குதிருக்குள் போட்டார்.

நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில், தெற்கே தலைவைத்து வெயிலுமுத்து படுத்திருந்தார். வேலுத்தாயின் அய்யா. விடியற்காலம் உயிர் பிரிந்திருந்தது. கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, நெற்றியில் காசு வைத்து, தலைமாட்டில் விளக்கேற்றியாகிவிட்டது. சுற்றியிருந்த பெண்கள் அழ ஆரம்பித்து, முன்சீப் கையைக் காட்டியதால் பாதியில் நிறுத்தியிருந்தார்கள்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்கிடுங்க. ஜீப்புல வாரவிய முன்னால ஒருத்தரும் இவள வெயிலுமுத்து மகள்னு சொல்லப்படாது. இவ வெளியூர்க்காரி. ஆராய்ச்சி பண்ண வந்தவ. யாருக்காவது வாய் தவறுச்சோ, இவ பட்டம் போச்சு. என் உத்தியோகமும் போச்சு."

"அப்பம் நாங்க அழப்படாதா?" என்றாள் ஒருத்தி.

"நீ தாராளமா அழு. அவதான் அழப்படாது."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா சங்கரம்மாள் நிமிரவில்லை. "செத்தவியகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வச்சிரும் கொழுந்தனாரே," என்றாள். "எந்திரிச்சு மகளேன்னு கூப்பிட்டுரப் போறாவ."

வேலுத்தாய் நாற்காலியிலிருந்து இறங்கி, முகத்தைக் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டாள்.

கோவில்பட்டியில் பழைய பஞ்சுக் கிட்டங்கி ஒன்றின் மாடியில் கரிசல் வட்டார ஆய்வு மற்றும் மொழிகள் உயர்நிறுவனம் நடந்து வந்தது. கரிசல் மக்களையும் அவர்கள் பேச்சையும் ஆராய்ந்து பட்டம் தருவது அதன் நோக்கம். அந்த மக்களில் ஒருவர்கூட அனுமதியில்லாமல் மாடியேறிவிடாதபடி வாட்ச்மேன் ஒருவர் இருந்தார்.

பட்டத்துக்கு என்னென்ன தேவை என்று சிவப்பு அட்டை போட்ட கையேடு சொல்லியது. வட்டார மொழிகள் இரண்டு தெரிய வேண்டும். அதற்குமேல் ஜெர்மன் தெரிய வேண்டும். கரிசலைப் பற்றிய மிகச் சிறந்த நூல் ஜெர்மன் மொழியில் இருப்பதாக நிறுவனத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஜெர்மன் தெரியாமல் அதைப் படிக்காதிருப்பது அறியாமை, தெரிந்துகொண்டு படிக்காதிருப்பது ஆய்வு என்று வகுப்பில் விளக்கம் தந்தார்கள்.

வேலுத்தாய் ஜெர்மனில் தேறினாள். பக்கத்துத் தெருவில் கேட்டுப் பழகிய தெலுங்கிலும் தேறினாள். தமிழில்தான் முதல் தடவை தோற்றாள். 'கரிசல் வழக்கு' என்ற தாளில், தன் வீட்டில் எப்படிப் பேசுவார்களோ அப்படி எழுதியிருந்தாள். அது பாடநூலில் இல்லை. அடுத்த தடவை பாடநூலை மனப்பாடம் செய்து, தன் ஊரில் எவரும் பேசாததை எழுதி முதலிடம் பெற்றாள்.

கடைசித் தேவைதான் கழுத்தைப் பிடித்தது. கரிசல் ஊர் ஒன்றில் மூன்று வருஷம் தங்கி, அங்கே ஒருவரைத் தகவலாளியாக வைத்து, அவர் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். ஆய்வாளர் அந்த ஊருக்கு முழு அந்நியராக இருக்க வேண்டும். 'உறவு கண்ணை மறைக்கும். கண்ணீர் காதையும் மறைக்கும்' என்று இயக்குநர் முன்னுரையில் எழுதியிருந்தார்.

வேலுத்தாய் ஊர் ஊராக அலைந்து பார்த்தாள். கல்யாணமாகாத பெண்ணுக்குத் தனியாக வீடு தர எந்த ஊரும் தயாராக இல்லை. கடைசியில் எப்போதும்வென்றான் என்ற ஊரை ஒட்டியிருந்த சொந்த ஊருக்கே திரும்பி வந்தாள். 'மேற்படி பெண்ணை நான் இதற்கு முன் கண்டதில்லை. அவருக்கு இவ்வூரில் உற்றார் உறவினர் எவருமில்லை' என்று அழகிரிசாமி அந்நியர் சான்றிதழ் எழுதி முத்திரை குத்தினார். அந்தப் பெண் அப்போது அவருக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

பெற்ற தகப்பன் தகவலாளி ஆனார். மகள் மைக்கை நீட்டினாள். இருவரும் மூன்று வருஷம் நடித்தார்கள். இன்று வாய்மொழித் தேர்வு. தகவலாளி முன்னிலையில், அவர் வீட்டிலேயே நடக்க வேண்டும் என்பது விதி. அது முடிந்து இந்த வாரம் பட்டம் கையில் வந்தால், தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் எடுத்து வைத்திருக்கும் வேலை அவளுக்கு. வராவிட்டால் வேறு யாருக்கோ. வானம் பார்த்த நிலத்தையும் விதவைத் தாயையும் வைத்துக்கொண்டு அவள் அப்புறம் என்ன செய்வாள் என்பதற்குக் கையேட்டில் பதில் இல்லை.

காலையிலேயே முன்சீப் நிறுவனத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார். துணைப் பேராசிரியர் அய்யாத்துரை எடுத்தார்.

"அய்யா, தேர்வைத் தள்ளி வைக்கணும். அந்தத் தகவல் சொல்ற ஆளு செத்துப்போனாரு."

"ஆய்வாளருக்கு அவர் ரத்த உறவா?"

"இல்ல."

"ரத்த உறவினர் மரணத்துக்குத்தான் ஒத்திவைக்க விதி உண்டு. ரத்த உறவு என்றால் சொல்லுங்கள், இந்த நிமிஷமே ஒத்திவைக்கிறேன்."

"ஒத்திவச்சு?"

"பட்டத்தை ரத்து செய்வோம்."

"அப்பம் செத்தவரை வச்சா தேர்வு நடத்துவீங்க?"

"தகவலாளி நேரில் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. இருக்கிறாரா?"

"இருக்காரு."

"அப்புறம் என்ன?"

போனை வைத்துவிட்டார்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஜீப் ரோட்டிலேயே நின்றுவிட்டது. தேர்வுக்குழு மூவரும் கரிசலில் இறங்கி நடந்தார்கள். அய்யாத்துரையின் செருப்பில் ஒன்றை மண் பிடுங்கிக்கொண்டது. அவர் குனிந்து தேடினார். ஆனால் கையிலிருந்த போளிப் பொட்டலத்தை விடவில்லை. நேர் வழியை விட்டுக் கடம்பூர் சுற்றி வாங்கி வந்த போளி. பயணக் குறிப்பில் 'வட்டார உணவுத் தரவு சேகரிப்பு' என்று எழுதியாகிவிட்டது. சென்னையிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர் பேராசிரியை பேபி, முழங்கால்வரை கறுப்பாகி, "இந்த மக்களுக்கு ஏன் இப்படி ஒரு மண்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

இயக்குநர் பேரருளாளன் மட்டும் ஜீப்பிலேயே ஷூவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரப்போரத்துப் புல்லாகப் பார்த்து மிதித்து வந்தார். வழுக்கைத் தலை, தங்க ஃபிரேம் கண்ணாடி. 'கரிசல் ஒப்பாரி: ஓர் அந்நியப் பார்வை' என்ற நூலால் பெரிய பெயர் எடுத்தவர். அந்த நூலின் முதல் ஒப்பாரியை மனப்பாடமாகச் சொல்லாமல் நிறுவனத்தில் ஒருவரும் பட்டம் வாங்க முடியாது. தூய தமிழில்தான் பேசுவார். அவருக்கு எந்த ஊர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத மாதிரி இருப்பார்.

மூவரும் உள்ளே வந்தார்கள். பேபி, படுத்திருந்தவரைப் பார்த்தாள். பிறகு வேலுத்தாயைப் பார்த்தாள்.

"இவர்தான் தகவலாளியா?"

"ஆமாம் மேடம்."

"கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம். கையசைவுகளைப் பற்றி ஒரு கேள்வி வைத்திருந்தேன்."

"முதலில் குரல் சரிபார்ப்பு," என்றார் அய்யாத்துரை. பதிவில் இருக்கும் குரல் தகவலாளியின் குரல்தானா என்று அவரை வைத்தே உறுதி செய்ய வேண்டும். டேப் ரிக்கார்டரைப் பிணத்தின் காதருகில் வைத்து அமுக்கினார்.

'பேரு வெயிலுமுத்து. சம்சாரம் பேரு சங்கரம்மா,' என்றது பெட்டி.

பெண்கள் பதறி வாயைப் பொத்திக்கொண்டார்கள். சங்கரம்மாள் புருஷனின் உதட்டைப் பார்த்தாள்.

'குழந்தைகள் எத்தனை பேர்?' இது வேலுத்தாயின் குரல்.

பெட்டியில் சத்தம் நின்றது. டேப் மட்டும் சுற்றியது. எங்கோ ஒரு மாடு கத்தியது. பிறகு இருமல். பிறகு, 'பிள்ளை குட்டி கெடையாது தாயி. நாங்க குடுத்து வைக்கல.'

ஒரு கிழவி வெடித்து அழுதாள். வேலுத்தாய் பேனா மூடியைத் திருகினாள். திருகித் திருகி மூடி உடைந்தது.

"எத்தனை பிள்ளைகள் என்று சொல்ல இவ்வளவு நேரமா?" என்றாள் பேபி. "அந்த இடைவெளியில் என்ன நடந்தது?"

வேலுத்தாய் ஆய்வேட்டைப் புரட்டினாள்.

"முதியவர்கள் பேச்சில் இடைநிறுத்தம் மிகுதி, மேடம். மூன்றாம் இயலில் விளக்கியிருக்கிறேன்."

"நல்லது."

அய்யாத்துரை குனிந்தார். "அய்யா, இது தங்கள் குரல்தானே?" முறைப்படி சற்று நேரம் காத்திருந்தார். 'மறுப்பு இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் வெளியே அலறல் கேட்டது. கடம்பூரில் கட்டிக்கொடுத்திருந்த வெயிலுமுத்துவின் தங்கச்சி, முத்துமாரியம்மாள், பஸ்ஸிலிருந்து இறங்கித் தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. இழவு வீட்டுக்கு வந்த பெண் முதலில் யாரைக் கட்டிக்கொண்டு அழுவாளோ, அவளைத் தேடி நேராகப் பாய்ந்தாள்.

"எம் மகளே! ஒன்ன அனாதையா விட்டுட்டுப் போயிட்டானே எங்கண்ணன்!"

வேலுத்தாய் மரம் மாதிரி நின்றாள். அத்தையின் கண்ணீர் அவள் கழுத்தில் இறங்கியது.

"எதற்காக இந்த அம்மாள் இவளை மகளே என்கிறாள்?" பேபியின் பேனா நின்றது.

முன்சீப் பாய்ந்து முத்துமாரியம்மாளின் தோளைப் பிடித்தார். பிடித்த பிடியில் அவளுக்கு வலித்திருக்க வேண்டும். "இந்த அக்கா எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடும். வெளியூர்ப் பிள்ளைய விடுக்கா! ஆராய்ச்சி பண்ண வந்த பிள்ளை!"

முத்துமாரியம்மாள் முன்சீப்பைப் பார்த்தாள். வெறும் சுவரைப் பார்த்தாள். கண் சிவக்காமல் நிற்கும் அண்ணன் மகளைப் பார்த்தாள். என்ன விளங்கியதோ, ஒரே எட்டில் பேபியின் மேல் விழுந்து இறுகக் கட்டிக்கொண்டாள்.

"எம் மகளே! நீயும் வந்துட்டியா! ஒன்ன யாருட்டி இனிமே பாப்பா!"

பேராசிரியையின் பட்டுச் சேலையில் இரண்டு கரிசல் கைகள் பதிந்தன. விடுபட்டதும் அவள் முகம் மலர்ந்திருந்தது. "என்னையும் ஏற்றுக்கொண்டார்கள்! தகவல் சமூகத்துடன் நல்லுறவு, முழு மதிப்பெண் போடுங்கள் அய்யாத்துரை."

அடுத்தது ஒப்பாரி. கையேட்டில் அது கட்டாயப் பகுதி. வேலுத்தாயின் ஆய்வேட்டில் அது ஒன்றுதான் பாக்கி. அவள் தங்கிய மூன்று வருஷத்தில் இந்தத் தெருவில் யாரும் சாகவில்லை. வெயிலுமுத்து அந்தக் குறையையும் தீர்த்துவிட்டதாக அய்யாத்துரை பாராட்டினார். "விதவை பாடட்டும். மற்ற பெண்கள் அழாமல் இருங்கள், பதிவில் இரைச்சல் விழும்."

சங்கரம்மாள் மைக்கைப் பார்த்தாள். மைக்கைப் பிடித்திருந்த மகளின் கையைப் பார்த்தாள். பாடினாள்.

"மானம் கறுத்திருக்கு
மழையெறங்கக் காத்திருக்கு
மண்ணு நனையும் முன்னே
மகராசா போனதென்ன?
தூக்கி வளத்த பிள்ளை
தூரமா நிக்குதய்யா
தொட்டழுக ஆளில்லாம
தூங்குறியே எஞ்சாமி..."

"நிறுத்துங்கள்!" அய்யாத்துரை துள்ளி எழுந்தார். "இது இயக்குநர் நூலின் முதல் ஒப்பாரி! எழுத்துக்கு எழுத்து அதேதான். இந்த அம்மாள் காப்பியடிக்கிறாள்!"

"எனக்கு எழுத்து வாசனை கெடையாது," என்றாள் சங்கரம்மாள்.

"அப்படியானால் யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள்." அவர் பார்வை வேலுத்தாய் மேல் வந்து நின்றது. "ஆய்வாளர் தகவலாளி வீட்டுக்கு நூலைச் சொல்லிக்கொடுத்தது உறுதியானால் மூன்று வருடக் களப்பணியும் செல்லாது. மேடம், விதி என்ன சொல்கிறதென்றால்..."

'படித்துக் காட்டவில்லை, எங்கம்மா எனக்குத் தொட்டில் ஆட்டிய காலத்திலிருந்தே பாடுகிறாள்' என்பது வேலுத்தாயின் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் எல்லாம் முடிந்தது. விழுங்கினாள்.

"விடுங்கள், அய்யாத்துரை."

இயக்குநர். வீட்டுக்குள் வந்தபின் அவர் பேசிய முதல் வார்த்தை அது. "ஒரு வட்டாரத்தில் ஒரே பாட்டுப் பல வாயில் வழங்கும். இது பொதுமை. மேலே நடத்துங்கள்."

சங்கரம்மாள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வெயில் ஏறுது, எடுக்கணும்," என்றார் முன்சீப். "வாய்க்கரிசி போட்டுருவம். பிள்ளை இல்லாததால பங்காளி நான் போடுதேன்."

அவர் சுளகிலிருந்து அரிசியை அள்ளியதும் அய்யாத்துரை தடுத்தார். தோளில் கேமரா தொங்கியது. "ஒரு நிமிஷம். 'பங்கேற்று நோக்கல்' என்று ஒரு தலைப்பு இருக்கிறது. ஆய்வாளர் சடங்கு ஒன்றில் கலந்துகொள்வது போல நிழற்படம் வேண்டும். செல்வி வேலுத்தாய், நீங்கள் போடுங்கள்."

மகள் தகப்பனுக்கு வாய்க்கரிசி போட நிறுவனம் அனுமதி வழங்கியது.

வேலுத்தாய் குனிந்தாள். அரிசியை அய்யாவின் உதடுகளுக்கு நடுவில் விட்டாள்.

"ஃபிளாஷ் எரியவில்லை. இன்னொரு தடவை."

மறுபடி அள்ளினாள். விட்டாள்.

"முகம் இந்தப் பக்கம் வேண்டும். அவரைப் பார்க்காதீர்கள், கேமராவைப் பாருங்கள். சோகம் வேண்டாம். அந்நியராகப் பாருங்கள்."

கேமராவைப் பார்த்துக்கொண்டே கையால் தடவி வாயைக் கண்டுபிடித்துப் போட்டாள்.

"அடடா," என்றார் அய்யாத்துரை. "லென்ஸ் மூடியை எடுக்கவே இல்லை. கடைசியாக ஒரு தடவை."

வாயில் இடமில்லை. அரிசி கன்னத்தில் வழிந்து காதுக்குள் போனது. அவள் சுண்டுவிரலால் காதைத் துடைத்துவிட்டாள். சின்ன வயதில் அய்யா அவளுக்குத் தலை குளிக்க ஊற்றிவிட்டுத் துடைப்பாரே, அப்படி. அய்யாத்துரை ஃபிலிம் சுற்றிக்கொண்டிருந்தார், பேபி கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இயக்குநர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். சுவரில் போட்டோ இருந்த இடங்கள் சதுரம் சதுரமாக வெளுத்திருந்தன.

முற்றத்தில் முடிவு அறிவித்தார்கள்.

"இருபது வருடமாகத் தேர்வு நடத்துகிறேன்," என்றாள் பேபி. "ஒப்பாரியைக் கேட்டுக் கண் கலங்கி எத்தனையோ பேர் தோற்றிருக்கிறார்கள். இந்தப் பெண்ணின் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கல் மாதிரி நின்றாள். இதுதான் கல்வி. முதல் வகுப்பு!"

அய்யாத்துரை ஊராரைப் பார்த்துப் பேசினார். "உங்கள் பேச்சு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. இனி நீங்கள் பேசினாலும் பேசாவிட்டாலும் நிறுவனத்துக்கு நஷ்டம் இல்லை. பெரியவர் போய்விட்டார் என்று யாரும் வருந்த வேண்டாம். ஒரு வகையில் இப்போதுதான் அவர் முழுமையான தரவு ஆகியிருக்கிறார்."

இயக்குநர் கையெழுத்திட்டார். பேனாவை மூடினார்.

"போயிட்டு வர்றோம்!" என்று கையசைத்தாள் பேபி.

பெண்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. 'வாரேன்' என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும்.

"வர்றோம் அம்மா! கட்டாயம் மறுபடியும் வருவோம்! இதே வீட்டுக்கே வருவோம்!" என்று அய்யாத்துரை இன்னும் சத்தமாகச் சொன்னார். முன்சீப் காதைப் பொத்திக்கொண்டார். யாரும் பதில் சொல்லாததைக் கவனித்த அய்யாத்துரை நடந்துகொண்டே குறித்துக்கொண்டார்: 'விடைகொடுக்கும் சொல் இவ்வட்டார வழக்கில் இல்லை.'

இயக்குநர் எதுவும் சொல்லவில்லை. யாரையும் பார்க்கவில்லை. ஷூவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விருட்டென்று வெளியேறினார்.

கரிசல்காட்டில் மறைக்க ஒரு மரம் கிடையாது. மூன்று பேரும் ரோட்டை நோக்கிச் சின்னதாகிக்கொண்டே போவது வீட்டிலிருந்து தெரிந்தது.

"இனிமே காது கேக்காது," என்றாள் சங்கரம்மாள். "அழுட்டி. ஒங்கய்யாவுக்கு அழு."

வேலுத்தாய் அய்யாவின் நெஞ்சில் முகத்தை வைத்தாள். வாயைத் திறந்தாள். காலையிலிருந்து பல்லைக் கடித்து அடக்கி வைத்திருந்தது எங்கே போயிற்றென்று தெரியவில்லை. சத்தம் வரவில்லை. கண்ணைக் கசக்கினாள். பவுடர்தான் வந்தது.

"வரலம்மா," என்றாள் பயந்துபோய். "எனக்கு வரமாட்டேங்குதும்மா."

சங்கரம்மாள் அவளைப் பார்க்கவில்லை. வாசல் வழியாகக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வராதுட்டி. அவனுக்கும் வரல."

"யாருக்கு?"

"அந்தா போறாம்லா, புல்லாப் பாத்து மிதிச்சு, செருப்பைக் கக்கத்துல வச்சிக்கிட்டு. கண்ணாடி போட்டா எனக்கு ஆள் தெரியாதா? மேலத்தெருத் தவசி. நீ பொறக்குமுன்னே படிக்கப் போனவன். அவன் அய்யா செத்தன்னைக்கு அந்தப் பாட்டைக் கட்டிப் பாடுனது நாந்தான். பெத்த தகப்பனுக்குத் தலைமாட்டுல நோட்டும் கையுமா நின்னுக்கிட்டு, 'எழுதிக்கிடுதேன், நிறுத்திப் பாடுங்கம்மா'ன்னான். கூட வந்த தொரைமாரு, 'ஒனக்கு இவிய யாரு'ன்னு கேட்டாவ. 'தெரியாது, நான் வெளியூரு'ன்னான்."